கிராணி ஐயா பேச மாட்டாரு

இதை நான் யாரிடமும் கேட்டு எழுதவில்லை. கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில், பழைய கிராணி வீட்டுக் கூடத்தில், பிரம்பு நாற்காலியில் நானே உட்கார்ந்திருந்தேன். நடந்தது நடுநிசியும் அல்ல. சனிக்கிழமை பிற்பகல். குடிக்கவில்லை, கண் அயரவில்லை, காய்ச்சலும் இல்லை. எந்த வயரை முதலில் பிடுங்கினேன், எதை அடுத்துப் பிடுங்கினேன் என்பது வரை ஞாபகம் இருக்கிறது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் ஹேமநாதன். ராசா டவுனில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கேமரா, அலாரம், கம்ப்யூட்டர் பழுது, எல்லாம் பார்ப்பேன். ஜீவானந்தன் பள்ளிக்கூடப் பையனாக இருந்த காலத்திலிருந்தே என் கடைக்கு வந்து வயரும் பல்பும் பொறுக்கியவன். இப்போது பினாங்கில் இன்ஜினியர். அவனுடைய அப்பா தம்பிராஜா, தோட்டத்து ஆபீசில் கணக்கு பார்க்கும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் லயங்கள் காலியாயின, ஆபீஸ் இடம் மாறியது. அவர் மட்டும் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. அதுவரை அவரை நான் நேரில் பார்த்ததில்லை.

தனியாக இருக்கும் அப்பாவுக்காக ஜீவா ஒரு பெட்டி செய்து வைத்திருந்தான். உள்ளங்கையளவு கம்ப்யூட்டர், எல்லாம் ஒரே போர்டில். அதிலிருந்து அப்பாவின் அறைக்குள் மூன்று வயர் போகும். ஒன்று கேமராவுக்கு. ஒன்று ஸ்பீக்கருக்கு. ஒன்று கட்டிலோரச் சுவரில் இருக்கும் பட்டனுக்கு. பட்டனை அழுத்தினால் ஜீவாவின் போன் அடிக்கும். ஜீவா பேசுவது ஸ்பீக்கரில் கேட்கும். ஆமாம் என்றால் அப்பா ஒரு தடவை அழுத்துவார், இல்லை என்றால் இரண்டு தடவை. மைக் மட்டும் கிடையாது. வாங்க மறந்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஜீவா போன் செய்தான்.

“அண்ணே, நேத்து ராத்திரி அங்க நல்ல மழை. கரண்டு போயிட்டு வந்துச்சாம். அதுலேருந்து பெட்டி எந்திரிக்கவே மாட்டேங்குது.”

“அடைச்சுத் தொறந்து பார்த்தாங்களா?”

“பக்கத்து வீட்டு சன்னாசி அண்ணன் பார்த்துட்டாரு. சுவிட்ச அடைச்சாலும் செவப்பு லைட்டு அப்படியே எரியுதாம். பச்சை வரலையாம்.”

“அப்பாவுக்குப் போன் அடிச்சுப் பேசேன்.”

“அப்பா பேச மாட்டாருண்ணே.”

கிராணிமார் வீட்டு ரோஷம் எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் மகனுக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

“சமைக்க வர்ற பஞ்சாலை அக்காவும் காஜாங் போயிட்டாங்க. சன்னாசி அண்ணன் கூடத்துல சோறு வச்சிட்டு வந்தாராம், ரூம் கதவு சாத்தியிருக்காம். கேக்காம கதவத் தொறந்தா அப்பாவுக்குப் புடிக்காது. அதனால தூங்குறாருன்னு வந்துட்டாரு.” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “போன மாசம் அப்பா விழுந்து, விடியிற வரைக்கும் தரையில கெடந்தாருண்ணே. யாருக்கும் தெரியல. இன்னொரு தடவை அப்படி ஆவக் கூடாது. பெட்டி ஓடுனாப் போதும். நான் பார்த்துக்குவேன்.”

“சரி தம்பி. நான் போறேன்.”

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ரந்தாவ் ஊரைத் தாண்டும்போதே வானம் கறுத்துவிட்டது. செம்பனைக்குள் மண் பாதை. வீட்டு வாசலில் சன்னாசி அண்ணன் சாவியோடு நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும், கால்சட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தது.

“ராசாவுலேருந்து வந்த ஆளா? வாங்க, வாங்க. முன்ன ஒரு தோட்டத்துக்கு ஆள மேய்க்க நாலு மண்டோர் இருந்தாங்க. இப்ப கிராணி ஐயாவுக்கே ஒரு மண்டோரு, தீப்பெட்டி சைசுல. அதுவும் இன்னைக்கு வேலைக்கு வரலலா!” என்று சிரித்தார்.

“ஐயா முழிச்சிருக்காரா?”

“படுத்திருப்பாரு. ஐயா பேச மாட்டாரு. நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க. எனக்கு மாட்ட அவுத்துக் கட்டணும், மழை வந்துருச்சு.”

கதவைத் திறந்து விட்டுவிட்டு ஓடினார்.

கூடத்தில் நல்ல இருட்டு. மேசை மேல் பெட்டி. பக்கத்தில் மூடி வைத்த சோற்றுத் தட்டு, கை படாமல். மூன்று வயர்களும் சுவரோரம் ஓடி, சாத்தியிருந்த அறைக்கதவின் அடியில் நுழைந்திருந்தன. கதவடியில் ஓர் எறும்பு வரிசை. எறும்புகள் சோற்றுக்கு வரவில்லை. கூடத்தைக் கடந்து அறைக்குள் போய்க்கொண்டிருந்தன.

நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வேலையில் உட்கார்ந்தேன்.

பழுது என்னவென்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போர்டுக்கு ஒரு அடாப்டர். அதோடு ஜீவா புதிதாக ஒரு யூஎஸ்பி ஹப் மாட்டியிருந்தான். மூன்று வயரும் அந்த ஹப்பில் செருகியிருந்தன. ஹப்பிலிருந்து ஒரு கேபிள் போர்டுக்கு. போர்டுக்குச் சக்தி போதாது என்று தனி அடாப்டர் உள்ள ஹப்பாகப் பார்த்து வாங்கியிருக்கிறான். அங்கேதான் வம்பு. சில மலிவு ஹப்புகள் தம் கரண்டை அந்தக் கேபிள் வழியே போர்டுக்குள்ளேயே தள்ளிவிடும். முன்வாசலைச் சாத்தினாலும் பின்வாசல் வழியாக வந்துகொண்டிருக்கும். போர்டு முழுதாக அணையாது. முழுதாக எழுந்திருக்கவும் செய்யாது. சிவப்பு விளக்கை மட்டும் காட்டிக்கொண்டு நடுவில் நிற்கும். ஒரு தடவை நன்றாக அணைந்தால்தான் அது மறுபடி எழும்.

சோதித்துப் பார்க்க, போர்டின் அடாப்டரை முதலில் பிடுங்கினேன்.

நினைத்தபடியே சிவப்பு விளக்கு அணையவில்லை. கொஞ்சம் மங்கியது. அவ்வளவுதான்.

அப்போது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“யாரு?”

கனமான குரல். ஆபீசில் உட்கார்ந்து ஆளை வேலை வாங்கிய குரல். நான் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டேன்.

“ஹேமநாதன், ஐயா. ராசாவுலேருந்து. ஜீவா அனுப்புனாரு.”

“ஜீவா வந்துட்டானா?”

“இல்லைங்க ஐயா. பினாங்குலதான் இருக்காரு. பெட்டியைப் பார்க்கச் சொன்னாரு.”

மழை தகரத்தில் இறங்கியது.

“சோறு அப்படியே இருக்கே ஐயா. எடுத்துட்டு வரவா?”

“வேணாம்.”

“தண்ணி?”

“வேணாம்.”

எனக்கு ஒரு நிம்மதி. ஐயா நன்றாகத்தான் இருக்கிறார். ஜீவாவிடம் சொல்லிவிடலாம். பேச மாட்டார் என்றார்களே, என்னிடம் பேசுகிறாரே என்று சின்னப் பெருமைகூட வந்தது.

ஆனால் ஒன்று மட்டும் காதில் இடறியது. அந்த வயதுக்காரர் பேசினால் இடையில் மூச்சு வாங்கும். இருமல் வரும். இந்தக் குரலில் மூச்சே கேட்கவில்லை.

அடுத்து, ஹப்பின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். இப்போது முன்வாசலும் இல்லை, பின்வாசலும் இல்லை. விளக்கு அணைந்தாக வேண்டும்.

அணையவில்லை.

மிச்சக் கரண்டு இருக்கும், சில விநாடி நிற்கும் என்று காத்திருந்தேன். சட்டைப்பையிலிருந்து சிகரெட்டை எடுத்து, வேண்டாம் என்று திரும்ப வைத்தேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இன்னும் மங்கலாக. ஆறப்போகிற கங்கு மாதிரி.

“அணைக்காதே...”

குரலும் இறங்கியிருந்தது.

“எதை ஐயா?”

“ஜீவா வரட்டும்... அது வரைக்கும் அணைக்காதே...”

கூடத்தில் வேறு விளக்கு எதுவும் எரியவில்லை. அறைக்கதவு சாத்தியிருக்கிறது. நான் என்ன செய்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பழக்கம் விடவில்லை. சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதான் என் தொழில். ஹப்பிலிருந்து போர்டுக்குப் போகும் கேபிளைப் பிடித்தேன்.

“ஜீவா வர...”

பிடுங்கினேன். விளக்கு அணைந்தது.

குரலும் நின்றது.

வார்த்தையின் நடுவில். கத்தரித்தது போல.

மழைச் சத்தம் மட்டும்.

கேபிளைத் திரும்பச் செருகினேன். சிவப்பு.

“...ட்டும்.”

என் கை மேசையில் அப்படியே கிடந்தது.

இன்னொரு தடவை செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.

“அணைக்...”

இருட்டு.

செருகினேன்.

“...காதே.”

எழுந்து ஓடியிருக்க வேண்டும். கதவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. பெட்டி ஓடினால் போதும் என்று ஜீவா சொன்னது மட்டும் தலைக்குள் நின்றது. அது ஓடினால் அவன் பார்த்துக்கொள்வான். நான் போய்விடலாம்.

கேபிளைக் கடைசியாகப் பிடுங்கினேன். அதன் முனையில் நான்கு தகடுகள் இருக்கும். ஓரத்தில் உள்ள ஒன்றுதான் கரண்டுக்கு. அதன் மேல் மட்டும் நூலளவு டேப்பை ஒட்டினேன். இரண்டு தடவை விலகி, மூன்றாவதில் ஒட்டியது. ஒட்டிவிட்டால் கேபிளில் தகவல் மட்டும் கடக்கும், கரண்டு கடக்காது. பின்வாசலுக்குத் தாழ்ப்பாள்.

கேபிளைச் செருகினேன். விளக்கு வரவில்லை. கேபிள் செருகியிருந்தும் அந்தப் போர்டு முதல் தடவையாக முழுதாக அணைந்திருந்தது.

அறையில் சத்தம் இல்லை.

“ஐயா...?”

இல்லை.

ஹப்பின் அடாப்டரை மறுபடி சுவரில் மாட்டினேன். போர்டின் அடாப்டர். சுவிட்ச்.

சிவப்பு.

பச்சை. துடித்தது.

அறைக்குள் ஸ்பீக்கர் ‘பீப்’ என்றது.

ஜீவாவுக்குப் போன் போட்டேன்.

“லைன் வந்துருச்சுண்ணே!” குழந்தை மாதிரிச் சிரித்தான். “நீங்க இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்... கேமரா ஏறுது... நில்லுங்க.”

நின்றேன்.

“கட்டில்ல இல்லையே. அப்பா எங்கண்ணே?”

“உள்ளதான் தம்பி. இப்பதான் பேசுனாரு.”

“என்ன?”

“இப்பதான். என்கிட்ட.”

பிறகு அறைக்குள்ளிருந்து, ஸ்பீக்கரில், அவன் குரல்.

“அப்பா... அப்பா... ஒரு தடவை அழுத்துங்கப்பா...”

சத்தமில்லை.

“ஒரே ஒரு தடவைப்பா...”

கதவைத் திறந்தேன்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில் கிடந்தார். கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. வலது கை மட்டும் சுவரில் சாய்ந்து மேலே தூக்கி நின்றது. விரல் நுனிக்கும் பட்டனுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லை.

தொட்டேன்.

சில்லென்று இருந்தது. கை மடங்கவில்லை. கட்டை மாதிரி விறைத்திருந்தது.

எறும்பு வரிசை அவர் வாயோரம் வரை வந்திருந்தது.

தலைக்கு மேல் ஸ்பீக்கர் கேட்டுக்கொண்டே இருந்தது. “அண்ணே... அண்ணே... சொல்லுங்கண்ணே...”

போலீஸ் வந்தது. டாக்டர் வந்தார். முதல் நாள் இரவே விழுந்திருக்கிறார், விடிவதற்கு முன்பே உயிர் போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர். விழுந்த பிறகு கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். கரண்டு போய் வந்தது நள்ளிரவுக்கு முன்னாலேயே. அதன் பிறகு அந்தப் பட்டனை எத்தனை தடவை அழுத்தியிருந்தாலும் பினாங்கில் போன் அடித்திருக்காது. பெட்டி விளக்கைக் காட்டிக்கொண்டு நடுவில் நின்றிருந்தது.

ஜீவா இரவு வந்து சேர்ந்தான். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அவன் அழவில்லை. நேரே என்னிடம் வந்தான்.

“பேசுனாருன்னு சொன்னீங்களே, ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?”

“பேசுனாரு தம்பி. சத்தியமா.”

அவன் குனிந்து அப்பாவின் கழுத்துத் துணியை மெல்ல விலக்கினான். தொண்டைக் குழியில் ஒரு துளை இருந்தது. சுற்றிலும் ஆறிப்போன பழைய தழும்பு.

“ரெண்டு வருசமாச்சுண்ணே. புத்துநோய். குரல்வளையையே எடுத்துட்டாங்க. அதுக்குத்தானே பட்டன் வச்சேன். அப்பா பேச மாட்டாருன்னு உங்ககிட்ட சொன்னேனே.”

சொன்னான். சன்னாசி அண்ணனும் சொன்னார். நம் பேச்சில் ‘மாட்டார்’ என்றால் மனமில்லை என்றும் ஆகும், முடியவில்லை என்றும் ஆகும். நடக்க மாட்டாரு, காது கேக்க மாட்டாரு என்று நானே எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் மற்ற அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன்.

“என்ன சொன்னாருண்ணே?” என்று கேட்டான்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லிவிட்டேன்.

“ஜீவா வரட்டும்... அது வரைக்கும் அணைக்காதேன்னாரு.”

அவன் மேசைக்குப் போனான். கேபிளைப் பிடுங்கி, நான் ஒட்டிய டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தான். திரும்பச் செருகினான். போர்டின் அடாப்டரைப் பிடுங்கினான். சிவப்பு விளக்கு மங்கி நின்றது.

“வந்துட்டேம்ப்பா,” என்றான்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை. யாருக்கும்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. எனக்குத் தெரிந்த கரண்டுக் கணக்கு எதிலும் இது அடங்கவில்லை. குரல்வளை இல்லாத குரலும் அடங்கவில்லை. கடையில் இப்போதும் எந்தக் கேபிளைப் பிடுங்கும் முன்பும் ஒரு நிமிடம் காது கொடுக்கிறேன்.

போன வாரம் சன்னாசி அண்ணன் போன் செய்தார். “தம்பி, ஒரு எட்டு வந்து பாருங்க. ஜீவா வேலைய விட்டுட்டு இங்கயே கெடக்கு. சாப்பிடறதில்ல. நான் கூப்ட்டா உஷ்ஷுங்குது.”

போனேன். அதே போல் பிற்பகல். அதே போல் மழை.

ஜீவா பிரம்பு நாற்காலியில் இருந்தான். தாடி. கண் உள்ளே போயிருந்தது. மேசை மேல் அதே போர்டு. அதே ஹப். இரண்டு அடாப்டரும் தரையில் சுருண்டு கிடந்தன. எதுவும் சுவரில் இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

“பாருங்கண்ணே.” மீட்டரை வைத்துக் காட்டினான். சுழியம். “கரண்டே இல்ல. எங்கேருந்து எரியுது? அப்பாதானே? என்கிட்ட ஏண்ணே பேச மாட்டேங்குறாரு?”

“தம்பி, கிளம்பு. என் வீட்டுல வந்து ஒரு வாரம் இரு.”

“உஷ்.”

அறைக்கதவு சாத்தியிருந்தது.

அப்போது எனக்குக் கேட்டது.

“யாரு?”

ஜீவாவைப் பார்த்தேன். அவன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அசைவில்லை.

அவனுக்குக் கேட்கவில்லை.

“யாரு?”

வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். முடியவில்லை.

“ஹேமநாதன், ஐயா...”

ஜீவா துள்ளி எழுந்தான். நாற்காலி சாய்ந்தது. அறைக்கதவில் இரண்டு கையாலும் அடித்தான்.

“அப்பா! நான்தாம்ப்பா! ஜீவா! இங்கதாம்ப்பா இருக்கேன்!”

அடி நின்றது. கதவில் காதை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தான்.

“என்னண்ணே சொல்றாரு?”

மழை.

விளக்கு.

உள்ளேயிருந்து, மெதுவாக...

“ஜீவா வந்துட்டானா?”